விளக்குகளும் அவற்றைச் சுமப்பவர்களும்

ஆவணப்படுத்தும் பணிக்கென்று ஒரு கல்லூரியோ சிறு அறக்கட்டளையோ பணம் ஒதுக்கும்போது அந்தப் பட்டியலில் கேமரா இருக்கும், லென்ஸ் இருக்கும், சற்றுத் தாராள மனமுடையவர்களாக இருந்தால் இரண்டு ஸ்டூடியோ விளக்குகளும் இருக்கும். அவற்றை எடுத்துச் செல்லும் பெட்டி மட்டும் இருக்காது. கேட்டால், "பெட்டிதானே, இருப்பதில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அந்தப் பதிலை அன்று நாங்களும் நியாயமானது என்றே எடுத்துக்கொண்டோம். பட்டியல் போட்டவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள இந்தக் கட்டுரையில் இடமில்லை.

நாங்கள் என்பது தமிழ்த்துறை ஆசிரியர்கள் மூவர், இயற்பியல் துறை நண்பர் ஒருவர், ஆண்டுக்கு ஆண்டு மாறும் மாணவர்கள் சிலர். செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் தெருக்கூத்துக் கலைஞர்களை முழு வேடத்தில், அவரவர் ஊரிலேயே, முறையான ஒளியமைப்போடு படமெடுத்து வைப்பது எங்கள் வேலை. 2015இல் தொடங்கினோம். கூத்தை ஓடும் படமாகப் பதிவு செய்தவர்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு வேடத்தின் முகவெழுத்தையும் அணிகலன்களையும் பின்னாளில் ஒருவர் பார்த்து ஆராயும் அளவுக்குத் தெளிவான நிழற்படங்கள் குறைவு என்பது எங்கள் எண்ணம்.

இதற்கு ஸ்டூடியோ விளக்கு எதற்கு, கேமராவின் தலைமேல் இருக்கும் சிறு ஃப்ளாஷ் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு கட்டைவேடக்காரரை அருகில் நின்று பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டப்பட்டவை. தீவட்டியும் பின்னர் பெட்ரோமாக்ஸும் இருந்த காலத்தில், மங்கலான வெளிச்சத்தை அள்ளிப் பார்வையாளர்மேல் வீசுவதற்காகவே அந்தச் சில்லுகள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். நடிகர் சுழலும்போது ஒளியும் அவரோடு சுழலும். அதே கண்ணாடி, கேமராவுக்கு எதிரி. சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து நேராக வரும் வெளிச்சத்தை ஒவ்வொரு சில்லும் அப்படியே திருப்பி லென்ஸுக்குள் எறியும். படத்தில் கிரீடம் இருக்காது, வெள்ளைப் புள்ளிகளின் கொத்துதான் இருக்கும். ஒளிமூலம் பெரிதாகவும் பக்கவாட்டிலும் இருந்தால், கண்ணாடி தன்னிடத்தில் அமைதியாக மின்னும், மரத்தின் செதுக்கு வேலையும் தெரியும். 400 ஜூல் திறனுள்ள இரண்டு ஃப்ளாஷ் தலைகளும், ஒவ்வொன்றின் முன்னும் மாட்டும் 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸும் எங்களுக்குத் தேவைப்பட்டது இதனால்தான்.

2016 வைகாசியில் ஓர் ஊருக்குப் போனோம். எழுபது வயதைக் கடந்த ஒரு வாத்தியார் அன்று துரியோதனன். முந்தைய மாதமே சென்று பேசி, ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வேடம் முடித்துவிடும்படி கேட்டிருந்தோம். அவர் ஒத்துக்கொண்டது சிறிய காரியமன்று. அரிதாரம் பூசி, கட்டைகளைக் கட்டிக்கொண்டு அந்த வயதில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பது எளிதல்ல. எங்கள் விளக்குகள் ஒரு பழைய பயணப்பெட்டியில் போர்வையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பேருந்தின் கடைசி இருக்கைக்குப் பின்னால் பெட்டியை வைத்தோம். பின்சக்கரத்துக்கு மேலே, ஊருக்குள் போகும் சாலையில், அது ஒன்றரை மணி நேரம் குதித்துக்கொண்டே வந்தது.

திறந்தபோது முதல் விளக்கின் ஃப்ளாஷ் குழல் அடியில் விரிசல் விட்டிருந்தது. இரண்டாவதில் குழல் நன்றாக இருந்தது, நடுவிலிருந்த மாடலிங் பல்பு உடைந்திருந்தது. அது பெரிய குறையன்று என்று நினைத்து மின்சாரம் கொடுத்தோம். உடைந்த பல்பில் மின்கசிவு ஏற்பட்டு ஃப்யூஸ் போயிற்று. மாற்று ஃப்யூஸ் எங்களிடம் இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கு அந்த ஊரில் அது எங்கும் கிடைக்கப்போவதுமில்லை.

"இன்னா சார், லைட்டு வரலியா?" என்று வாத்தியார் கேட்டார். வரவில்லை என்றோம். "பரவால்ல, இருக்கறத வச்சி எடுங்க" என்றார். கேமராத் தலைமேல் இருந்த ஃப்ளாஷை வைத்து எடுத்தோம். முன்னே சொன்ன வெள்ளைப் புள்ளிகள்தான் கிடைத்தன. அடுத்த ஆண்டு முறையாக எடுத்துவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். 2017 தை மாதம் அவர் காலமானார். வேடத்தோடு இருக்கும் படம் வேண்டும் என்று அவர் மகன் வந்து கேட்டபோது கொடுப்பதற்கு எங்களிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. பெரிதாக்கிச் சட்டமிட்டு அவர்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் படத்தின் முன்தான் எங்களுக்குக் காப்பி தருகிறார்கள்.

*

அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்து நாங்கள் செய்தது இன்னொரு தவறு. கிடைத்தவற்றில் மிகவும் உறுதியான பெட்டியை வாங்கினோம்.

கடினப் பெட்டி என்றால் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் மனத்தில் வைப்பது பெலிக்கன் வகைப் பெட்டிகளை. 1976இல் கலிபோர்னியாவில் டேவ் பார்க்கர் என்ற முக்குளிப்பாளர் தொடங்கிய நிறுவனம் அது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், தண்ணீர் புகாத மூட்டு, கடினமான பிளாஸ்டிக் ஓடு, அழுத்தத்தைச் சமன் செய்யும் சிறு வால்வு ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த வால்வு அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. காற்றுப்புகாமல் மூடிய பெட்டியை மலைமேல் திறந்து மூடிவிட்டுச் சமவெளிக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் குறைவாகவும் வெளியே அதிகமாகவும் இருக்கும். மூடி உறிஞ்சப்பட்டதுபோல் இறுகிக்கொள்ளும். விமானப் பயணத்திலும் இதே கதைதான். இத்தகைய வடிவமைப்புகளின் அறிவை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. கப்பலிலும் சரக்கு விமானத்திலும் முகமறியாத பலர் கைகளில் தூக்கி எறியப்படும் பொருளுக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு அரிது.

ஆனால் எடையைப் பாருங்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவில் பெயர்பெற்ற 1510 என்ற மாதிரி, உள்ளே நுரைப்பஞ்சோடு, எதுவும் வைக்காமலேயே 6 கிலோவைத் தாண்டும். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் அனுமதிக்கும் எடை 7 கிலோ. அதாவது காற்றைப் பத்திரமாக எடுத்துப் போகலாம். நாங்கள் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் பெரிய பெட்டி. காலியாக 11 கிலோ, இரண்டு விளக்குகளும் கம்பிகளும் வைத்தபின் 24 கிலோ. கீழே இரண்டு சக்கரங்கள், இழுத்துச் செல்ல நீளும் கைப்பிடி. விமான நிலையத்தின் பளிங்குத் தரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சக்கரங்கள் அவை.

அந்தப் பெட்டியோடு போன முதல் பயணத்திலேயே, பாலம் கட்டும் வேலை நடந்ததால் வண்டி ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டது. அதன்பின் மணல், பிறகு வரப்பு. சக்கரம் மணலில் புதைந்தது. மாணவர்கள் இருவர் முறைவைத்துத் தூக்கினார்கள். வரப்பில் இருவர் சேர்ந்து ஒரே பெட்டியைத் தூக்கி நடக்க முடியாது, ஒருவர்தான் சுமக்க வேண்டும். இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான். நாங்கள் தடுக்கவில்லை. விளக்குகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. படங்களும் நன்றாக வந்தன. அந்தப் பையன் பத்து நாள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தான். அவனைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவன் தாயார் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எம்புள்ள படிக்கத்தான சார் வந்தான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

விமான நிறுவனங்கள்கூட ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. விமானத்துக்கு அந்த எடை பொருட்டன்று. தூக்குபவரின் முதுகுக்காக வந்த விதி அது. நாங்கள் பெட்டி வாங்கும்போது விளக்கு எப்படிப் பிழைக்கும் என்பதை மட்டுமே யோசித்தோம், தூக்குபவரைப் பற்றி எங்கள் நால்வரில் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக வெட்கப்பட இடமுண்டு. கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் கொண்ட மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே, கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுச் சுமந்து வரும் காட்சி இருக்கிறது. கலங்களை இடும் பை என்பதால் அதற்குக் 'கலப்பை' என்று பெயர். இன்று அந்தச் சொல்லுக்கு நமக்கு ஏர் மட்டுமே நினைவுக்கு வரும். இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்கும்படி கட்டிக் காவிச் செல்வதையும் அந்தப் பகுதி சொல்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் அந்த இடத்தை நடத்துகிறோம், கருவிகளின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தேர்வில் கேட்கிறோம். மலைவழியில் நடக்க வேண்டியவர்கள் சுமையை இரண்டாகப் பகுத்துச் சமன் செய்தார்கள் என்ற செய்தி, வரப்பில் 24 கிலோ பெட்டியோடு நிற்கும் வரை எங்கள் மண்டையில் ஏறவில்லை.

*

உண்மையில் எது உடைகிறது என்று உட்கார்ந்து யோசித்தது அதன் பிறகுதான். இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இயற்பியல் நண்பர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறோம், ஏனெனில் எந்த விளம்பரத்தையும்விட அது எங்களுக்கு உதவியது. கையிலிருந்து, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, ஒரு பெட்டி நழுவுகிறது. உள்ளே இருக்கும் விளக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிட்டால், அதன்மேல் விழும் விசை சராசரியாக அதன் எடையைப்போல் 750 மடங்கு. அதே விளக்கு நுரைப்பஞ்சை அமுக்கிக்கொண்டு 3 சென்டிமீட்டர் தூரம் போய் நின்றால் 25 மடங்கு. விளக்கைக் காப்பாற்றுவது அந்த 3 சென்டிமீட்டர்தான். ஓடு எவ்வளவு கடினமானது என்பது இதற்கு அடுத்த கேள்வி. ஓட்டின் வேலை, உள்ளே எதுவும் குத்தாமலும் நசுங்காமலும் பார்த்துக்கொள்வது.

இதிலிருந்து வரும் இரண்டாவது உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. நுரைப்பஞ்சு மிகவும் கெட்டியாக இருந்தால் இலேசான பொருளுக்கு அது பலகைக்குச் சமம், அமுங்கவே அமுங்காது. மிகவும் மென்மையாக இருந்தால் கனமான பொருள் ஒரே அமுக்கில் அடிவரை போய் முட்டும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரே பஞ்சு என்பது சரியன்று. ஃப்ளாஷ் தலைக்கு முன்பக்கம் கண்ணாடிக்குழல், பின்பக்கம் மின்தேக்கிகளும் மின்சுற்றும் கொண்ட கனம். கனமான பின்பாகம் கெட்டியான பஞ்சில் உட்கார வேண்டும், குழலின்மேல் எதுவும் சாயவே கூடாது. எங்கள் முதல் விளக்கில் குழல் அடியில் விரிசல் விட்டதற்குக் காரணம் இதுதான். போர்வைக்குள் அது தலைகீழாக, தன் முழு எடையையும் குழலின்மீது வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது குழலின்மேல் மாட்டும் மூடி இல்லாமல் எந்த விளக்கும் பெட்டிக்குள் போவதில்லை. மாடலிங் பல்பைக் கழற்றித் தனியாக எடுத்து வருகிறோம். ஹாலஜன் பல்பைக் கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறும்போது கண்ணாடி பழுதாகும். துணியால் பிடித்துக் கழற்ற வேண்டும். அதுவும் ஆறிய பிறகு. சூடாக இருக்கும் இழை சிறு குலுக்கலுக்கும் அறுந்துவிடும். ஆட்டம் முடிந்து விடியற்காலை நான்கு மணித் தூக்கத்தில் அவசர அவசரமாக மூட்டை கட்டியபோது பழுதான பல்புகள்தான் எங்கள் கணக்கில் அதிகம். மின்சாரத்தை நிறுத்தியபின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி மின்தேக்கியைக் காலி செய்துவிட்டு மூடுவதும் வழக்கமாகிவிட்டது.

விளக்கு வாங்கும்போது வரும் தெர்மாகோல் அச்சு இருக்கிறதே, அதுவே போதும் என்பார்கள் சிலர். தெர்மாகோல் தன்னை நசுக்கிக்கொண்டு பொருளைக் காப்பாற்றுவது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழாது. தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வரும் ஒற்றைப் பயணத்துக்கு அது போதும். ஆண்டுக்குப் பதினைந்து பயணம் போகிறவர்களுக்கு ஆகாது. சிறு சிறு சதுரங்களாகப் பிய்த்தெடுத்து வடிவம் செய்துகொள்ளும் கரும்பஞ்சும் எங்களுக்கு உதவவில்லை. அது பாலியூரித்தேன், ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, பிறகு பொடியாக உதிர்ந்து, விளக்கின் காற்றுத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை நிறத்தில் தகடு தகடாகக் கிடைக்கும் பாலிஎத்திலீன் நுரைத் தகடு விலை மலிவு, ஈரத்தை உறிஞ்சாது, கத்தியால் வெட்டி அடுக்கி ஒட்டிக்கொள்ளலாம். ஈரம் கூத்துக்காரர்களோடு அலைபவர்களுக்குச் சிறிய விஷயமன்று. இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற சாஃப்ட்பாக்ஸ் துணி விடியும்போது பனியில் நனைந்திருக்கும். அதைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், வெளியிலிருந்து ஈரம் புகாது என்பது உண்மை, உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது என்பதும் அதே அளவு உண்மை. ஒருமுறை மூன்று நாள் திறக்காமல் விட்டு, பூஞ்சை மணத்தோடு துணியை எடுத்தோம். துணிப்பொருள்கள் எல்லாம் இப்போது சாதாரணக் கித்தான் பையில்தான் வருகின்றன.

*

சரியான வழியைக் காட்டியவர்கள் யார் என்று கேட்டால், நாங்கள் படமெடுக்கப் போன கூத்துக் குழுவினரே என்று சொல்ல வேண்டும். கட்டைகளும் கிரீடங்களும் எங்கள் விளக்குகளைவிட எளிதில் உடையக்கூடியவை. இலேசான மரம், ஒட்டிய கண்ணாடி, காகிதம். அவை மாட்டு வண்டியில் போயிருக்கின்றன, சைக்கிளின் பின்னால் போயிருக்கின்றன, பேருந்தின் கூரைமேல் போயிருக்கின்றன, இப்போது குட்டி யானை வண்டியில் போகின்றன. ஒரு நாள் விடிந்தபின் அவர்கள் பெட்டி கட்டுவதை நின்று பார்த்தோம். ஒவ்வொரு அணியும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றப்படுகிறது. கண்ணாடி முகத்தோடு கண்ணாடி முகம் பார்க்கும்படி எதுவும் வைக்கப்படுவதில்லை, மரத்தின் முதுகு கண்ணாடியின் முகத்துக்கு நேராக வருவதுமில்லை. கனமான சலங்கைகள் அடியில், புடவைகள் நடுவில், கிரீடம் எல்லாவற்றுக்கும் மேலே. இதற்கெல்லாம் முன்னால், வியர்வையில் நனைந்த உடுப்புகளை அரை மணி நேரம் கயிற்றில் போட்டு உலர்த்துகிறார்கள். அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டுகிறார்கள், பெட்டியில் சேர்ப்பதில்லை. மிக முக்கியமாக, பெட்டியைக் கட்டுவது எப்போதும் ஒரே ஆள். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு இருட்டிலும் தெரியும்.

எங்களிடம் அதுவரை பெட்டி கட்டுவது யார் வேலை என்றே முடிவாகியிருக்கவில்லை. எல்லாருடைய வேலையாகவும் இருந்தது, அதனால் யாருடைய வேலையாகவும் இல்லை. அந்த மாதம் முதல் ஒருவர் மட்டும் கட்டுகிறார். மூடியின் உட்புறத்தில் எது எங்கே என்று ஒரு படம் வரைந்து ஒட்டியிருக்கிறோம். மாற்று ஃப்யூஸ் நான்கு அந்தப் படத்தின் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது.

பிறகு, மெல்லிசைக் குழுக்களுக்கும் ஒலிபெருக்கிக்காரர்களுக்கும் பெட்டி செய்து கொடுக்கும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தோம். பிளைவுட் பலகை, விளிம்புகளில் அலுமினியக் கோணம், மூலைகளில் இரும்புக் குமிழ், குழிந்து உள்ளடங்கிய கைப்பிடி என்று அவர்கள் செய்வது உலகெங்கும் இசைக்குழுக்கள் கொண்டு போகும் பெட்டியின் வகைதான். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 300 என்ற விவரக்குறிப்பில் முதல் வகைப் பெட்டி குறைந்தது 100 பயணங்களைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பட்டறைக்காரர் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தாம் செய்த பெட்டியின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஒலிபெருக்கிக்குப் போடும் தடித்த பலகை வேண்டாம், 6 மில்லிமீட்டர் போதும் என்று நாங்கள் சொன்னபோது அவருக்கு மனம் ஒப்பவில்லை, தம் பெயர் கெட்டுவிடும் என்றார். சுமப்பது படிக்கிற பிள்ளைகள் என்று சொன்னபின் ஒத்துக்கொண்டார். ஒரு பெட்டிக்கு ஒரு விளக்கு என்று இரண்டு சிறு பெட்டிகள். நிறைத்தபின் ஒவ்வொன்றும் 9 கிலோ. இருபுறமும் 5 சென்டிமீட்டர் நுரைத் தகடு. தோளில் மாட்டும் அகலமான பட்டை. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை, முன்பு வாங்கிய அந்தப் பெரிய பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை. ஸ்டாண்டுகள் தனியாகக் கித்தான் உறையில். அவை இரும்பும் அலுமினியமும்தான், அவற்றுக்குப் பெட்டி வீண்.

ஒரு விளக்கு ஒரு பெட்டி என்று பிரித்ததில் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. ஒன்று தொலைந்தாலும் விழுந்தாலும் மற்றது இருக்கும். ஒற்றை விளக்கும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் துரியோதனனை எடுத்துவிடலாம். 2016இல் எங்களிடம் இல்லாமற்போனது அந்த ஒற்றை விளக்குதான்.

கறுப்பு நிறத்தில் வேண்டாம் என்றும் சொல்லிவைத்தோம். இதைக் கேட்டு நண்பர்கள் சிரித்தார்கள். முந்தைய பெரிய பெட்டியோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது, எந்த ஆபீசிலிருந்து வருகிறீர்கள் என்று ஒரு முதியவர் எழுந்து நின்று கேட்டார். பட்டாவை அளக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். வேடம் போடுபவர் தம் பெட்டிக்கு அருகில் இயல்பாக உட்கார்ந்திருக்கிறார். நம் பெட்டியைப் பார்த்து அவர் எழுந்து நின்றால், அதன்பின் எடுக்கும் படத்தில் அந்த எழுந்து நிற்றல் இருக்கும். எங்கள் இரண்டு பெட்டிகளும் இப்போது பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்த மண் நிறத்தில் இருக்கின்றன.

*

பேட்டரி ஃப்ளாஷ் வந்துவிட்டதே, எல்.இ.டி. வந்துவிட்டதே, இந்தப் பேச்செல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்பது நியாயமான கேள்வி. ஜெனரேட்டரில் ஓடும் ஊர்த்திருவிழாவில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் நாங்களும் இரண்டு பேட்டரி ஃப்ளாஷ்கள் வாங்கியிருக்கிறோம். கோடாக்ஸ் ஏடி200 வகை. பேட்டரியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும். எடைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. அதன் இடத்தில் சட்டச் சிக்கல் ஒன்று வந்தது. லித்தியம் பேட்டரியைத் தனியாக, மாற்றாக எடுத்துச் சென்றால், விமானத்தில் அது சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது, கையோடு வர வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணியிடம் கூடாது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். இந்த ஃப்ளாஷின் பேட்டரி 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர்-மணி, ஆக 42 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. கணக்கு நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பேட்டரியின்மேல் அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும். எண் தேய்ந்துபோன ஒரு பேட்டரியை எங்களில் ஒருவர் ஒரு விமான நிலையத்தில் விட்டுவிட்டு வர நேர்ந்தது. பரிசோதித்தவர்மேல் தவறில்லை. எனவே விமானத்தில் போகும் நாளுக்கான பெட்டி வேறு, பேருந்தில் போகும் நாளுக்கான பெட்டி வேறு. ஒரே பெட்டியில் இரண்டையும் சாதிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

கனத்தைக் குறைக்கும் முயற்சி இந்தத் துறைக்குப் புதிதன்று. 1861ஐ ஒட்டிப் பாரிஸ் நகரின் நிலத்தடி எலும்புக் கூடங்களை மின்னொளியில் படமெடுத்த நதார், பெரும் பேட்டரிகளைக் கீழே இறக்க முயலாமல் தெருவிலேயே விட்டுவிட்டுக் கம்பிகளை மட்டும் இறக்கினார். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், மெழுகிட்ட காகிதத்தில் எதிர்ப்படிவம் எடுத்தவர். காகிதம் உடையாது. எதைக் கொண்டுபோவது, எதை விட்டுச்செல்வது என்று முதலில் முடிவு செய்தவர்கள் அவர்கள். எங்களுக்குப் புகைப்பட வரலாறு தெரியாமலில்லை, அதைப் பெட்டியோடு சேர்த்து யோசிக்கத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

வசதியுள்ள படக்குழுக்கள் எங்கள் பிளைவுட் பெட்டிகளைப் பார்த்து நகைக்கலாம். மழையில் நனைந்தால் பலகை ஊதும் என்பது உண்மை, தார்ப்பாய் ஒன்று எப்போதும் கூடவே வருகிறது. கடல்வழிச் சரக்காக அனுப்புவதானால் நாங்களே இவற்றை நம்ப மாட்டோம். ஆனால் ஆவணப் பணிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் தமிழ்த்துறைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: பெட்டி என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள், அதற்கு அடுத்த வரியில் சுமைகூலி என்று எழுதுங்கள். மாணவர்களின் தோளைக் கணக்கில் காட்டாத செலவாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் துறையில் 2018 முதல் இல்லை. உள்ளூரில் ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்துத் தூக்கச் சொல்கிறோம், 9 கிலோவைத் தூக்க எவரும் மறுத்ததில்லை. தணிக்கையில் அந்த வரியைக் குறித்து ஆண்டுதோறும் விளக்கம் கேட்கிறார்கள், நாங்களும் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கிறோம்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. இயற்பியல் நண்பர் சைக்கிளின் சக்கரம்போல் பெரிய விட்டமுள்ள இரண்டு சக்கரங்களைக் கொண்ட கழற்றி மாட்டும் வண்டி ஒன்றைச் செய்துவிடலாம், மணலிலும் உருளும் என்கிறார். காகிதத்தில் வரைந்தும் காட்டிவிட்டார். வரப்பின் அகலம் ஒன்றரை அடி, வண்டியின் அகலம் இரண்டடி என்று நாங்கள் மூவரும் சொல்கிறோம். ஒற்றைச் சக்கரம் என்றால் என்ன என்று அவர் மறுபடியும் வரைய ஆரம்பித்திருக்கிறார். பட்டறைக்காரரிடம் அளவு கொடுத்தாயிற்று. வரும் பங்குனியில் முதல் ஊர் எது என்று முடிவானதும் அதைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.